டெம்ப்ளர் சபை உண்மையில் எப்போது தொடங்கியது? ஒன்பது பேர் கதையை எவ்வளவு நம்பலாம்?

வைகைக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் சிலுவைப்போர்கள் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். மற்ற பகுதிகளை ஓரளவு தயார் செய்துவிட்டேன். டெம்ப்ளர் சபையின் தொடக்கம் என்ற இடத்துக்கு வந்து பத்து நாளாக அங்கேயே நிற்கிறேன்.

எல்லாரும் சொல்லும் கதை இதுதான். 1099-இல் முதல் சிலுவைப்போரில் எருசலேம் பிடிபட்டது. ஐரோப்பாவிலிருந்து திருப்பயணிகள் சாரி சாரியாக வரத் தொடங்கினார்கள். வழியெல்லாம் கொள்ளை, கொலை. 1118-இல் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஹியூக் தெ பெய்ன் என்ற குதிரைவீரரும் இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்து, பயணிகளைக் காப்போம் என்று உறுதி எடுத்தார்கள். அரசர் இரண்டாம் பால்ட்வின் தன் அரண்மனையில் ஒரு பகுதியைத் தங்கக் கொடுத்தார். அது சாலமோன் ஆலயம் இருந்த இடம் என்று நம்பப்பட்டதால் டெம்ப்ளர் என்ற பெயர் வந்தது.

படிக்கப் படிக்க இந்தக் கதை ஆட்டம் காண்கிறது. ஒரு நூலில் 1118, இன்னொன்றில் 1119, மூன்றாவதில் 1120. ஒருவர் 1114-க்கே போகிறார். ஒன்பது பேர் என்கிறார்கள், முப்பது பேர் என்கிறார்கள். பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் 1307 அக்டோபர் 13 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் பிடித்து அடைக்கும் அளவுக்கு வளர்ந்த ஒரு சபைக்குப் பிறந்த ஆண்டு கூடவா உறுதியாகத் தெரியாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேடையில் நின்று தப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சுவடிப்பித்தன்

நல்ல கேள்வி. முதலில் அந்தக் கதை யாருடையது என்று பார்ப்போம். 1118, ஒன்பது பேர், அரண்மனையில் இடம் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. டயர் நகரின் பேராயர் வில்லியம். எருசலேமிலேயே ஏறக்குறைய 1130-இல் பிறந்தவர், ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவர், 1175-இல் பேராயர் ஆனவர். எருசலேம் அரசின் வரலாற்றை எழுத ஆரம்பித்தது 1170 வாக்கில். அதாவது சபை தொடங்கி ஐம்பது வருடம் கழித்து. தொடங்கியபோது அவர் பிறக்கவே இல்லை.

அதைவிட முக்கியமானது, அவருக்கு டெம்ப்ளர்கள்மேல் இருந்த மனக்கசப்பு. 1139-இல் திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்ட் இந்தச் சபையை நேரடியாகத் தன் பாதுகாப்பின் கீழ் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உள்ளூர் ஆயர்களின் சொல் இவர்களிடம் எடுபடவில்லை. தங்களை வளர்த்துவிட்ட எருசலேம் மறைமுதுவருக்கே (அந்நகரத் திருச்சபையின் தலைவர்) கீழ்ப்படிய மறுத்தார்கள், கோயில்களுக்குச் சேரவேண்டிய தசமபாகத்தில் கை வைத்தார்கள் என்று வில்லியம் வெளிப்படையாகவே எழுதுகிறார். பேராயராக இருந்தவர் அல்லவா, அந்த வலி அவருடைய சொந்த வலி.

இப்போது அவர் சொல்லும் தொடக்கக் கதையைத் திரும்பப் படியுங்கள். ஒன்பது பேர். ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அதே ஒன்பது பேர். யாரோ தானம் கொடுத்த பழைய துணியை உடுத்தியவர்கள். மறைமுதுவர் சொல் கேட்டு நடந்தவர்கள். அவர் காலத்திலோ வெள்ளை அங்கி போட்ட முந்நூறு வீரர்கள், கடலுக்கு இருபுறமும் சொத்து. "அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி ஆகிவிட்டீர்கள்" என்று கேட்கத் தோதாகவே கதை அமைந்திருக்கிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தன் காலத்துக் கோபத்துக்கு ஏற்றபடி கேள்விப்பட்டதை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்.

ஒன்பது ஆண்டு, ஒன்பது பேர் என்பது மற்றச் செய்திகளோடு ஒத்துப்போகவும் இல்லை. பிரான்சின் ஆன்ஷூ (Anjou) பகுதிக் கோமகன் ஃபுல்க் 1120-இல் எருசலேம் வந்தபோது இவர்களோடு சேர்ந்து இருந்தார், ஊர் திரும்பிய பிறகு ஆண்டுதோறும் முப்பது பவுண்டு அனுப்ப ஏற்பாடு செய்தார் என்று நார்மண்டித் துறவி ஆர்டரிக் எழுதியிருக்கிறார். ஷாம்பெயின் கோமகன் ஹியூக் 1125-இல் தன் நிலபுலன்களை விட்டுவிட்டு வந்து சபையில் சேர்ந்தார். ஒரு கோமகன் வந்து சேர்கிறார் என்றால் கூட வந்தவர்கள் ஒருவரும் இல்லாமலா?

மெய்க்கீர்த்தி

ஆண்டுக் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சபைக்கு முறைப்படி ஒழுங்கு வகுத்துக் கொடுத்தது பிரான்சின் ட்ருவா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம். அந்த ஒழுங்கின் முன்னுரையில் நாள் குறித்திருக்கிறார்கள்: புனித ஹிலாரி திருநாள், ஆண்டு 1128, சபை தொடங்கிய ஒன்பதாம் ஆண்டு. ஹிலாரி திருநாள் ஜனவரி 13.

எனவே 1128 ஜனவரி 13 என்றுதான் எல்லாரும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பகுதியில் அப்போது ஆண்டு பிறந்தது ஜனவரி 1 அன்று இல்லை, மார்ச் 25 அன்று, மங்கள வார்த்தைத் திருநாளில். நமக்கு இது புதிதில்லை. 1990 ஜனவரியில் பிறந்த குழந்தையின் ஜாதகத்தில் சுக்ல வருடம் என்றுதான் இருக்கும், சித்திரை பிறக்கும்வரை அடுத்த வருடப் பெயர் வராது. அதேபோல அவர்கள் 1128 ஜனவரி என்று எழுதினால் நம் கணக்கில் அது 1129 ஜனவரி. இதை 1988-இல் ருடால்ஃப் ஹீஸ்டாண்ட் என்ற ஜெர்மானிய வரலாற்றாளர் எடுத்துக் காட்டினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கிறார்கள்.

அப்புறம் "ஒன்பதாம் ஆண்டு" என்பதைக் கவனியுங்கள். ஒன்பது ஆண்டு முடிந்தது என்று பொருள் இல்லை. எட்டு முடிந்து ஒன்பதாவது நடக்கிறது. கல்வெட்டில் "யாண்டு 9 ஆவது" என்று வந்தால் நாம் எப்படிப் படிப்போமோ அப்படி.

1129 ஜனவரி 13 அன்று ஒன்பதாவது ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால், சபை தொடங்கியது 1120 ஜனவரி 14-க்கு முன்னால் இருக்க முடியாது.

அடுத்த சாட்சி ஃபிளாண்டர்ஸ் கோமகன் தியரி சபைக்குக் கொடுத்த கொடை ஆவணம். நாள் 1128 செப்டம்பர் 13. அதிலும் சபையின் ஒன்பதாம் ஆண்டு என்றே இருக்கிறது. அன்று ஒன்பதாவது ஆண்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால், சபை தொடங்கியது 1120 செப்டம்பர் 13-க்குப் பின்னால் இருக்க முடியாது.

இரண்டையும் சேர்த்தால் 1120 ஜனவரி 14 முதல் செப்டம்பர் 13 வரை என்று எட்டு மாத இடைவெளி கிடைக்கிறது. ராஜராஜன் அரியணை ஏறியது 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் என்று கல்வெட்டு நாள்களை வைத்துக் கணித்ததும் இதே முறையில்தான். ஒற்றை ஆவணத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஒன்றோடொன்று உரசும்போதுதான் விளிம்பு தெரியும்.

வைகைக்கரையான்

ஐயா, இதைப் பேனாவால் தாளில் எழுதிப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அப்படியானால் 1118 என்பது வில்லியமின் வெறும் தவறா?

மெய்க்கீர்த்தி

வில்லியம் இந்தச் செய்தியை இரண்டாம் பால்ட்வின் ஆட்சிக்கு வந்த ஆண்டோடு சேர்த்துச் சொல்கிறார். பால்ட்வின் அரசராகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1118 ஈஸ்டர் அன்று, முடிசூட்டிக்கொண்டது 1119 கிறிஸ்துமஸ் அன்று பெத்லகேமில். அரசர் புதிதாக வந்த காலம் என்று யாரோ சொன்னதை அவர் முதல் நிகழ்ச்சியோடு சேர்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. ட்ருவா சங்கம் நடந்தது ஒன்பதாம் ஆண்டில் என்று அவரும் சொல்கிறார். 1118-ஐ வைத்தால் அவருடைய சொந்தக் கணக்கே இடிக்கிறது.

மணியோசை

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வீட்டில் அப்பா காலத்திலிருந்தே திருச்சபை வரலாற்று நூல்கள் நிறைய. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெய்க்கீர்த்தி ஐயா சொன்ன எட்டு மாதத்தின் வாசலிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1120 ஜனவரி 16, நாப்லுஸ் நகரில் அரசர் பால்ட்வினும் மறைமுதுவர் வார்மண்டும் ஆயர்களும் பிரபுக்களும் கூடிய சங்கம். நாட்டின் நிலை அப்போது படுமோசம். நான்கு ஆண்டாக வெட்டுக்கிளியும் எலியும் பயிரை அழித்துவிட்டன என்று அந்தச் சங்கத்தின் ஏடே புலம்புகிறது. அதற்கு முந்தைய கோடையில், 1119 ஜூன் 28 அன்று, வடக்கே சிலுவைப்போர்க்காரர்கள் ஆண்ட அந்தியோக்கியாவின் படை முழுக்க அழிந்து அதன் ஆட்சியாளர் ரோஜர் கொல்லப்பட்டார். இலத்தீன்காரர்கள், அதாவது மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள், அந்த இடத்துக்கே குருதிக் களம் என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் கடவுளின் தண்டனை, நாம் திருந்த வேண்டும் என்று கூடியதுதான் நாப்லுஸ் சங்கம். 25 விதிகள் போட்டார்கள். பெரும்பாலும் பாவ காரியங்களுக்குத் தண்டனை.

அதில் 20-ஆம் விதியைப் பாருங்கள்: குருநிலையில் இருப்பவர் தற்காப்புக்காக ஆயுதம் எடுத்தால் அவர்மேல் குற்றமில்லை. குருக்கள் இரத்தம் சிந்தக் கூடாது என்பது அதுவரை அசையாத சட்டம். அதில் ஒரு கதவு திறக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். எங்கள் அத்தை ஒருவர் கன்னியர் சபையில் இருந்தார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளை அவர் பீடத்தின் முன் முழந்தாளிட்டுக் கொடுத்ததை நான் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். அவர் கை நடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஹியூக் தெ பெய்னும் கூட்டாளிகளும் மறைமுதுவர் முன்னால் கொடுத்தது இதே மூன்று வார்த்தைப்பாடுகள்தான். ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து வாளை எடுத்துக்கொண்டார்கள். துறவியும் வீரனும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை அதற்கு முன் இலத்தீன் திருச்சபை கண்டதில்லை. பின்னாளில் பிரெஞ்சு மடத் தலைவர் புனித பெர்னார்டு இவர்களுக்காக ஒரு முழு நூலே எழுதி, தீயவனைக் கொல்வது மனிதக் கொலை ஆகாது, தீமையைக் கொல்வதாகும் என்று வாதாட வேண்டியிருந்தது. அந்த வாதத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கும். அதை நான் ஏற்கவில்லை. என்றாலும் அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது புரிகிறது.

ஒரு எச்சரிக்கை. நாப்லுஸ் விதிகளில் டெம்ப்ளர் என்ற பேச்சே இல்லை. "சபை நாப்லுஸில் தொடங்கியது" என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். அங்கே அனுமதி கிடைத்திருக்கலாம் என்பது நல்ல ஊகம், அவ்வளவுதான்.

அலைகடல்

நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். புனித நாடு சுற்றுலாவில் போய் வந்தவன். ஏட்டு விஷயம் எனக்குத் தெரியாது, அந்த வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எருசலேம் மலைமேல் இருக்கிறது, கடல்மட்டத்துக்கு மேலே எழுநூறு மீட்டருக்கும் அதிகம். யோர்தான் ஆற்றில் இறங்கும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழே கிட்டத்தட்ட நானூறு மீட்டர். நடுவில் எரிகோ. நாற்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு இறக்கம். பஸ்ஸில் போகும்போதே காது அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மரமில்லாத மொட்டைக் குன்றுகள், வெளிர் மஞ்சள் மண், வளைவுக்கு வளைவு ஒளிந்துகொள்ளப் பள்ளம். நல்ல சமாரியன் உவமையில் "எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனான், கள்வர் கையில் அகப்பட்டான்" என்று வருகிறதே, அது சும்மா சொன்னதில்லை என்று அங்கே போனால் தெரியும். அந்த ஏற்றத்துக்கு விவிலியத்திலேயே அதும்மீம் என்று பெயர், சிவப்பைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அந்த இடத்தில் டெம்ப்ளர்கள் ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள். எங்கள் வழிகாட்டி சாலைக்கு மேலே குன்றின்மேல் இடிபாட்டைக் கையால் காட்டினார். பஸ் நிற்கவில்லை, நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

எனக்கு ஒரே கேள்வி. பாதை 1099-லிருந்தே ஆபத்தானதுதான். பாதுகாப்புப் படை அமைக்க ஏன் இருபது ஆண்டு ஆனது?

சுவடிப்பித்தன்

அலைகடல் அண்ணா, நீங்கள் சொன்ன அதே வழியில்தான் விடை இருக்கிறது. 1119 ஈஸ்டருக்கு முந்தைய புனித சனி. எருசலேமில் இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் திருக்கல்லறைக் கோயிலில் புனித ஒளி விழாவைக் கண்டுவிட்டு எழுநூறு பயணிகள் யோர்தானை நோக்கி இறங்கினார்கள். நோன்பிருந்து களைத்தவர்கள், கையில் ஆயுதம் இல்லை. டயர், அஸ்கலோன் நகரங்களிலிருந்து வந்த முஸ்லிம் படையினர் வழிமறித்தார்கள். முந்நூறு பேர் கொல்லப்பட்டார்கள், அறுபது பேரைச் சிறைபிடித்தார்கள். ஆஹன் நகரத்து ஆல்பர்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு மூன்று மாதத்தில் குருதிக் களம். அதன் பிறகு அரசர் வடக்கே ஓடிப்போய் அந்தியோக்கியாவையும் சேர்த்துக் காக்க வேண்டிய நிலை. எருசலேமுக்குப் பக்கத்திலேயே வழிக்காவலுக்கு ஆள் வைக்க அவரிடம் படை இல்லை. சம்பளம் வேண்டாம், நிலம் வேண்டாம், சோறும் தங்க இடமும் போதும் என்று சில வீரர்கள் வந்து நின்றால் எந்த அரசர் வேண்டாம் என்பார்? இந்தப் பின்னணியில் பார்த்தால் 1120 பொருந்துகிறது, 1118 பொருந்தவில்லை.

புதுவரவு

எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் உண்மையில் பயணிகளைக் காக்க வரவில்லை, ஆலயத்துக்கு அடியில் தோண்டி உடன்படிக்கைப் பேழையைத் தேடினார்கள் என்று நிறைய வீடியோக்களில் சொல்கிறார்களே? ஒன்பது ஆண்டாக ஆள் சேர்க்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்கிறார்கள்.

சுவடிப்பித்தன்

தம்பி, அந்த வாதம் முழுக்க "ஒன்பது ஆண்டு ஒன்பது பேர்" என்ற வரியின்மேல் நிற்கிறது. அந்த வரியே எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று மேலே பார்த்தோம். அந்தக் காலத்து எந்த ஏட்டிலும் தோண்டினார்கள் என்ற பேச்சு இல்லை. நண்பர்கள் சொல்லவில்லை, வில்லியம் போன்ற மனக்கசப்புள்ளவர்களும் சொல்லவில்லை. 1307-க்குப் பிறகு நடந்த விசாரணையில் சிலுவைமேல் துப்பினார்கள், சிலை வணங்கினார்கள் என்று ஏராளமான குற்றச்சாட்டு வந்தது. அதில்கூடப் புதையல் தோண்டிய கதை கிடையாது.

இடம் எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது அல் அக்ஸா பள்ளிவாசல் கட்டடம். சிலுவைப்போர்க்காரர்கள் அதைச் சாலமோன் ஆலயம் என்று அழைத்தார்கள், அரசர்கள் அரண்மனையாகப் பயன்படுத்தினார்கள். எருசலேமிலேயே வாழ்ந்த குருவான ஷார்த்ரு ஃபுல்கர் அதன் பரிதாப நிலையை எழுதியிருக்கிறார். பணமில்லாமல் பழுதுபார்க்க முடியவில்லை, கூரை ஈயத்தைக்கூட எடுத்து விற்றார்கள் என்கிறார். ஒழுகும் பெரிய கட்டடத்தில் ஒரு மூலையை அரசர் ஒதுக்கிக் கொடுத்தார். பிறகு அவர் தாவீது கோபுரத்துக்குப் பக்கத்தில் புது அரண்மனைக்குக் குடிபோனார், இவர்களுக்கு முழுக் கட்டடமும் கிடைத்தது.

புதுவரவு

நன்றி அண்ணா. நான் அதை உண்மை என்றே நினைத்து நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். திருத்திச் சொல்கிறேன்.

கீழைத்திசை

இலத்தீன் ஏடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழைக் கிறிஸ்தவர்களின் சிரியாக் மரபைக் கொஞ்சம் கவனியுங்கள். சிரியாக் திருச்சபையின் தலைவராக 1166 முதல் 1199 வரை இருந்த மிக்கேல், தன் பெரும் வரலாற்றில் டெம்ப்ளர் தொடக்கத்தை வேறு மாதிரி சொல்கிறார். ஹியூக் தெ பெய்ன் முப்பது வீரர்களோடு வந்தார். மூன்று ஆண்டு அரசருக்குப் போர்ப்பணி செய்துவிட்டுத் துறவு மேற்கொள்ள நினைத்தார். அரசர்தான் தடுத்து, மடத்துக்குள் போய் உட்காராதீர்கள், வீரர்களாக இருந்தே உங்கள் ஆன்மாவைக் காத்துக்கொள்ளுங்கள், கொள்ளையரிடமிருந்து நாட்டைக் காருங்கள் என்றார். முப்பது என்ற எண் உங்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. மிக்கேலுக்கு டெம்ப்ளர்கள்மேல் மதிப்பு உண்டு. அதனால் அவர் கதையில் இளக்காரம் எதுவும் கிடையாது.

இன்னொரு ஏடு, 13-ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சில் தொகுக்கப்பட்டது, எர்னூல் பெயரில் வழங்குவது. அதன்படி இவர்கள் முதலில் திருக்கல்லறைக் கோயிலுக்குத் தங்களை ஒப்படைத்து, அங்கிருந்த துறவுக் குருக்களின் தலைவருக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்த வீரர்கள். சும்மா சாப்பிட்டுக் குடித்துக் காலம் கழிக்கிறோம், நாட்டுக்கு ஆள் வேண்டியிருக்கிறதே என்று பேசிக்கொண்டு, தலைவரிடம் அனுமதி வாங்கித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டு பிரிந்தார்கள். பிரிந்த புதிதில் நோயாளிகளையும் பயணிகளையும் பராமரித்த ஹாஸ்பிடலர் சபையின் இல்லத்தில் மிஞ்சிய சாப்பாடுதான் அவர்களுக்கு வந்தது.

என்னைக் கேட்டால் இதுதான் உண்மைக்கு மிக அருகில் இருப்பது. புதிதாக ஒன்பது பேர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு கோயிலின் நிழலில் இருந்த வீரர் கூட்டம் 1120-இல் தனிக்குடித்தனம் போனது.

மெய்க்கீர்த்தி

கீழைத்திசை ஐயா, கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எர்னூல் ஏடு தொகுக்கப்பட்டது 1230 வாக்கில். வில்லியம் ஐம்பது ஆண்டு தள்ளி எழுதினார் என்று ஒதுக்கிவிட்டு, நூறாண்டுக்கு மேல் தள்ளி எழுதியதை நம்புவது எப்படிச் சரியாகும்? காலத்தால் முந்தியதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கீழைத்திசை

நியாயமான கேள்வி. ஏட்டின் வயதை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. டெம்ப்ளர்கள் கடைசிவரை பின்பற்றிய வழிபாட்டு முறை திருக்கல்லறைக் கோயிலின் முறை. தனியாக முளைத்த சபை என்றால் அந்த முறை அவர்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண் அம்மா வீட்டுக் குழம்பைத்தானே வைப்பாள். வழிபாட்டு முறையைப் பின்னாளில் யாரும் வேண்டுமென்று திரித்து எழுதவில்லை, அது பழக்கமாகவே தங்கிவிட்ட சாட்சி.

நீங்கள் கேட்ட காலத்தால் முந்திய ஏடும் ஒன்று இருக்கிறது. புனித பெர்த்தின் மடத்துத் துறவி சைமன், 1135–37 வாக்கில் எழுதியது. ஹியூக் தெ பெய்ன் இறந்தது 1136 வாக்கில்தான், ஆகவே ஏறக்குறைய சமகாலம். முதல் சிலுவைப்போருக்குப் பிறகு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட சிலர், பிரபுக்களின் யோசனைப்படி உலகைத் துறந்து கடவுளின் ஆலயத்துக்குத் தங்களை ஒப்படைத்தார்கள் என்கிறார் சைமன். ஒன்பது என்ற எண் இல்லை. வழிக்காவல் என்ற பேச்சும் இல்லை. அந்த மடம் இருந்தது செயிண்ட் ஓமெர் ஊரில். ஹியூக்கோடு சேர்ந்து சபையைத் தொடங்கிய காட்ஃப்ரேயின் ஊரும் அதுவே. உள்ளூர்ப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருக்கும்.

மெய்க்கீர்த்தி

சைமன் ஏட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வழிபாட்டு முறை பற்றிய வாதமும் வலுவானது. திருக்கல்லறைத் தொடர்பை ஏற்கிறேன். எர்னூல் சொல்லும் உரையாடல்களை மட்டும் ஏற்க மாட்டேன்.

வைகைக்கரையான்

இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, 1114 எங்கிருந்து வந்தது? இரண்டு, ஃபுல்கர் எருசலேமிலேயே இருந்தார் என்கிறீர்கள். கண்ணெதிரே நடந்ததைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார்?

மணியோசை

1114-க்குக் காரணம் ஷார்த்ரு ஆயர் ஈவோ எழுதிய ஒரு கடிதம். ஷாம்பெயின் கோமகன் ஹியூக் அந்த ஆண்டு எருசலேமுக்குப் புறப்பட்டபோது, மனைவி இருக்கும்போது "கிறிஸ்துவின் படை"யில் சேரப்போவதாகச் சொல்லலாமா என்று ஆயர் கண்டித்தார். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, அப்போதே டெம்ப்ளர் சபை இருந்தது என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஆனால் சிலுவைப்போருக்குப் போகிற எவரையும் அந்தக் காலத்தில் கிறிஸ்துவின் படை என்றுதான் சொல்வார்கள். ஈவோ 1115-இல் இறந்துவிட்டார். ஒற்றைச் சொல்லை வைத்து ஐந்தாறு ஆண்டு முன்னே தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹியூக் தெ பெய்ன் இந்தக் கோமகனின் ஆவணங்களில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர் என்பது மட்டும் உண்மை. பெய்ன் கிராமம் ட்ருவா நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஃபுல்கரைப் பற்றிச் சுவடிப்பித்தன் தம்பி சொல்லட்டும். எனக்கு அதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கும்.

சுவடிப்பித்தன்

ஒன்றும் எழுதவில்லை. 1127 வரை எழுதிக்கொண்டே வந்தார். எலித்தொல்லை, நிலநடுக்கம், வானத்தில் தெரிந்த அடையாளம் எல்லாம் எழுதினார். தன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த டெம்ப்ளர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நான் இதை மாணவனாக இருந்தபோது முதன்முதலில் கவனித்தேன். ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒழுகும் கட்டடத்தில் தங்கி, பிறர் கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டு, பயணிகளுக்குத் துணையாக யோர்தானுக்கு ஏறி இறங்கிய சில பேர். திருக்கல்லறைக் கோயிலைச் சுற்றி அப்படி எத்தனையோ பக்தர் கூட்டம் இருந்திருக்கும். இவர்கள் மட்டும் பின்னால் இவ்வளவு பெரிதாக வளர்வார்கள் என்று ஃபுல்கருக்கு எப்படித் தெரியும்? வளர்ந்த பிறகுதான் எல்லாருக்கும் தொடக்கக் கதை தேவைப்பட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சபையின் சொந்த ஆவணக் காப்பகம் கிடைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. 1312-இல் சபை கலைக்கப்பட்ட பிறகு கிழக்கிலிருந்த மைய ஆவணங்கள் சைப்ரஸில் இருந்தன. 1571-இல் ஒட்டோமான் படை தீவைப் பிடித்தபோது அவை அழிந்திருக்கும் என்பதே பொதுவான கருத்து.

வைகைக்கரையான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சை இப்படி மாற்றி எழுதிவிட்டேன். 1119 புனித சனியில் தொடங்குகிறேன், எழுநூறு பேர் மலையிறங்குகிறார்கள். அலைகடல் அண்ணா சொன்ன அந்த மொட்டைக் குன்றுகளை அங்கே சேர்த்துக்கொள்கிறேன். பிறகு குருதிக் களம், நாப்லுஸ். மணியோசை அம்மாவின் எச்சரிக்கை நினைவிருக்கிறது, நாப்லுஸில் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். 1120, ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டப் போகிறேன். அதற்குப் பிறகுதான் வில்லியமின் ஒன்பது பேர், மிக்கேலின் முப்பது பேர். யார் எந்த மனநிலையில் சொன்னார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. ஒரே குதிரையில் இரண்டு வீரர்கள் அமர்ந்திருக்கும் டெம்ப்ளர் முத்திரைப் படத்தைத் திரையில் காட்டி, தொடக்கத்தில் இவ்வளவு ஏழைகளாக இருந்தார்கள் என்று சொல்லலாம் அல்லவா?

மெய்க்கீர்த்தி

படத்தைக் காட்டுங்கள், அந்த விளக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஏழ்மையைக் காட்டுகிறது என்பது பின்னால் 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி மாத்யூ பாரிஸ் சொன்னது. ட்ருவாவில் 1129-இல் எழுதிய ஒழுங்கு, வீரர் ஒருவருக்கு மூன்று குதிரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

வைகைக்கரையான்

மூன்று குதிரையா! சரி, குறித்துக்கொண்டேன்.